மூன்று சிவப்பு வயர்கள், ஒரு சிவப்புத் தாள்

இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டின் மழைக்காலத்தில் அவரை முதன்முதலாகச் சந்தித்தேன். எங்கள் குடியிருப்பின் மின்தூக்கி மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் இடையில் நின்றுவிட்டது. உள்ளே நான் மட்டும் இருந்தேன். ஒரு கையில் ஈரக்குடை, மறு கையில் ரொட்டிப் பொட்டலம். முக்கால் மணி நேரம் கழித்துத் தலைக்கு மேலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது.

"உள்ள எத்தனை பேர்?"

"நான் ஒருத்திதான்."

"பயமா இருக்காம்மா?"

"இல்லை. கால்தான் வலிக்குது."

"அப்ப கீழ உக்காந்துக்குங்க. அது தானா விழாது. நான் சொல்ற வரைக்கும் கதவ மட்டும் தொடாதீங்க."

உட்கார்ந்துகொண்டேன். பத்து நிமிடத்தில் மின்தூக்கி ஒருமுறை குலுங்கி, மெல்ல ஏறி, நான்காம் மாடியில் நின்றது. கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். முழங்கைவரை கரி. என்னை வெளியே வரச் சொல்லிக் கைகாட்டினாரே தவிர, என் முகத்தை அவர் பார்க்கவில்லை. சுவரிலிருந்த இரும்புப் பெட்டியின் முன் குந்தி, அதனுள்ளிருந்து நீளமான சிவப்பு வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, "ஒண்ணு... ரெண்டு... மூணு" என்று உரக்க எண்ணிப் பைக்குள் வைத்து, பையை மூடினார். அதன் பிறகே நிமிர்ந்து சிரித்தார்.

"மன்னிச்சுக்கணும். இத எண்ணி முடிக்காம என்னால யாரையும் பார்த்து சிரிக்க முடியாது."

"என்ன வயர் அது?"

"ஜம்பர்னு சொல்லுவோம். கதவு பூட்டலைன்னா லிஃப்ட் நகராது. ரிப்பேர் பார்க்கறப்ப நகர்த்தியாகணும். அதனால 'கதவு பூட்டிடுச்சு'ன்னு லிஃப்ட்கிட்ட ஒரு பொய் சொல்றதுக்கு இந்த வயர். வேலை முடிஞ்சதும் கழட்டிடணும். மறந்துட்டோம்னா, அது பாட்டுக்கு அந்தப் பொய்ய நம்பிக்கிட்டே ஓடும்."

இந்தக் குறிப்பை எழுத ஒரு காரணம் உண்டு. சனிக்கிழமைதோறும் நாங்கள் கூடும் மேசைக்குப் புதிதாக வருவோர், ஆட்டப் புத்தகத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிவப்புத் தாளைப் பார்த்து, இதை எழுதியவர் யார் என்று கேட்கிறார்கள். வாயால் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ஏதேனும் விடுபட்டுப்போகிறது. ஆகவே எழுதிவைக்கிறேன்.

அவர் அப்போதே ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மின்தூக்கிகளைப் பராமரித்துவந்தவர். நகரத்தின் எங்கள் பகுதியில் அறுபத்து மூன்று மின்தூக்கிகள் அவர் பொறுப்பில் இருந்தன. ஒவ்வொன்றின் இரும்புப் பெட்டிக்குள்ளும் ஒரு பதிவேடு தொங்கும். வந்த நாள், பார்த்த குறை, மாற்றிய பொருள் ஆகியவற்றை அதில் எழுதிக் கையெழுத்திடுவார். "பார்த்தத எழுது, நெனச்சத எழுதாத" என்பது அவருக்குத் தொழில் கற்பித்தவர்கள் சொன்னதாம். அவர் எழுதியவை யாவும் பூட்டிய பெட்டிகளுக்குள்ளேயே இருந்தன. அவற்றைப் படித்தவர், அடுத்த மாதம் அதே பெட்டியைத் திறந்தவர், பெரும்பாலும் அவரேதான். உடன் வேலை செய்தவர்கள் அவரை 'ஒண்ணுரெண்டுமூணு' என்று அழைத்தார்கள். எங்களுக்கு அவர் லிஃப்ட்காரர்.

மாதம் ஒருமுறை எங்கள் குடியிருப்புக்கு வருவார். நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வுபெற்றவள் என்பதை எப்படியோ தெரிந்துகொண்டார். அறிமுகமாகி இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒருநாள் கதவருகில் நின்றபடியே கேட்டார்.

"அம்மா, 'ஏழு கணவாய்'னு ஒரு ஆட்டம். உங்களுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாதே, தம்பி."

"கொஞ்சங்கூட?"

"பேரே இப்பத்தான் கேக்கறேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு! சனிக்கிழமை மூணு மணிக்கு வீட்டுக்கு வந்துடுங்க. அதப் பத்தி எதையும் படிச்சுட்டு மட்டும் வந்துடாதீங்க, கெட்டுப்போயிடும்."

ஒன்றும் தெரியாது என்பதற்காக என்னை ஒருவர் வேலைக்கு அழைத்தது அதுவே முதல் முறை.

ஏழு கணவாய் என்பது மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கதையாட்டம். பலகையும் காய்களும் கிடையா. ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்றுக்கொள்ள வேண்டும். அவருடைய வலிமையும் குறையும் ஒரு தாளில் எண்களாக இருக்கும். நாம் எல்லாரும் மலைக் கணவாய்களைக் கடந்து கடிதம் கொண்டுசெல்லும் தூதர்கள். நடத்துநர் ஒருவர், "முன்னால பாலம் அறுந்து கெடக்கு, என்ன செய்யறீங்க?" என்று கேட்பார். செய்யப்போவதை நாம் சொல்வோம். அது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான்.

அந்த ஆட்டத்தின் நான்காம் பதிப்பு அச்சுக்குப் போகுமுன், வேறொரு நகரத்திலிருந்த நிறுவனத்தார் அதன் வரைவை வெளியிட்டு, விரும்பியவர் யாவரும் ஆடிப்பார்த்து அறிக்கை அனுப்பலாம் என்று அறிவித்திருந்தார்கள். வெள்ளோட்டம் என்று அதற்குப் பெயர். நிபந்தனைகள் மூன்று. மேசைக்கு ஒருவரேனும் இதற்குமுன் ஆடாதவராக இருக்க வேண்டும். அந்த இடத்துக்குத்தான் நான். விதிகளை எழுதியுள்ளபடியே ஆட வேண்டும்; கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் அறிக்கை நிரப்ப வேண்டும். இருபத்தைந்துக்கு மேற்பட்ட அறிக்கைகளை அனுப்பும் மேசைகளின் பெயரும் ஆடியோர் பெயரும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சாகும்.

அந்தக் கடைசிப் பக்கத்தின்மேல் லிஃப்ட்காரருக்கு இருந்த ஆசையை அவர் மறைத்ததில்லை. கூடத்து அலமாரியில் ஒரு புத்தகம் நிற்கும் அளவுக்கு இடத்தை அப்போதே ஒழித்துவைத்திருந்தார். அவருடைய மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளர். ஆட்டத்தில் சேராமல், சனிக்கிழமை மாலைகளில் அதே கூடத்தில் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார். "அந்த ஓட்டைய வெச்சுக்கிட்டு ஆறு மாசமா தூசி தொடைக்கறேன்" என்பார்.

ஆடுபவர்கள் நால்வர். லிஃப்ட்காரர் நடத்துநர். அவர் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, தையற்காரர். லிஃப்ட்காரர் அழைப்பதைப் பார்த்து நாங்களும் அவரை மச்சான் என்றே அழைத்தோம். மருந்துக்கடை நடத்தும் ஒரு பெண்மணி. பிறகு வக்கீல்: அவர் ஓட்டுவது பேருந்து, ஆட்ட விதிகளை வைத்து ஓயாமல் வாதாடுவதால் அந்தப் பெயர். மச்சானுக்கும் வக்கீலுக்கும் நடுவில் எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் ஒரு முதிய குதிரை வைத்தியச்சியாக ஆடத் தொடங்கினேன்.

வீழ்ச்சி பற்றிய விதியை எனக்கு வக்கீல்தான் முதல் நாளில் விளக்கினார்.

"இங்க பாருங்கம்மா. உயிர்ப்புள்ளி தீந்துட்டா விழுந்துட்டீங்க. விழுந்தா, அந்தச் சண்டை முடியற வரைக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பகடை. மூணோ அதுக்குக் கீழயோ விழுந்தா ஒரு கறுப்புப் புள்ளி. மூணு கறுப்புப் புள்ளி ஆச்சுன்னா ஆள் காலி."

"அதுக்குள்ள யாராவது காப்பாத்தலாமா?"

"தோள் குடுக்கலாம். பக்கத்து நாற்காலியில இருக்கறவர், தன்னோட முறைய விட்டுக்குடுத்துட்டு, உங்க கறுப்புப் புள்ளியில ஒண்ண தன் தாள்ல வாங்கிக்கலாம்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. பிறகு பலமுறை தோள் கொடுத்தேன், பலமுறை பெற்றேன். லிஃப்ட்காரரும் மச்சானும் ஒரு குடும்பத் தகராற்றால் இரண்டு ஆண்டுகள் முகங்கொடுத்துப் பேசாமல் இருந்தார்களாம். அக்காலத்தில் நடத்துநர் வேலையை வக்கீல் பார்த்தார். இவ்விருவரும் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்து, சொல்லொன்றும் பேசாமல், ஒருவர் புள்ளியை ஒருவர் வாங்கிக்கொண்டார்களாம். "பேச்சுதான் இல்ல, தோள் உண்டு" என்று மருந்துக்கடைப் பெண்மணி சொல்லிச் சிரிப்பார்.

ஏழு மாதங்களில் இருபத்தொன்பது ஆட்டங்கள் ஆடினோம். லிஃப்ட்காரர் அறிக்கைகளைப் பதிவேடு போலவே எழுதினார். பார்த்ததை மட்டும். 'வீழ்ந்தோர் இருவர். இறந்தோர் இல்லை.' 'வீழ்ந்தோர் மூவர். இறந்தோர் இல்லை.' மொத்தம் நாற்பத்தொரு வீழ்ச்சிகள்; சாவு ஒன்றுகூட இல்லை. ஆபத்து உண்டென்ற அச்சமே ஏற்படவில்லை என்ற குறிப்பையும் நேர்மையாகச் சேர்த்திருந்தார்.

நிறுவனத்திலிருந்து இரண்டாம் வரைவு வந்தது. முன்னுரையில், நெடுநாள் ஆடும் மேசைகள் சில மிகக் கவனமாக அனுப்பிய அறிக்கைகளின்படி சாவு மிக அரிதாக இருப்பதால், மூன்று கறுப்புப் புள்ளிகள் இரண்டாகக் குறைக்கப்படுகின்றன என்று எழுதியிருந்தது. லிஃப்ட்காரர் அதை எங்களுக்கு இருமுறை படித்துக்காட்டினார்.

"மிகக் கவனமாக... யாரச் சொல்றாங்கன்னு நெனைக்கறீங்க?" என்றார்.

"நம்ம வீட்டு இஸ்திரிப்பெட்டியத்தான்" என்றார் மனைவி.

இரண்டாம் வரைவைப் பொதுமக்கள் ஒரே நாளில் ஆடிப்பார்ப்பதற்காக, நூலகத்தின் பெரிய கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு செய்திருந்தார்கள். ஏறத்தாழ நாற்பது மேசைகள். லிஃப்ட்காரருக்கு அன்று மேற்பார்வையாளர் அட்டை கொடுத்துக் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார்கள். அச்சிட்ட வரைவின் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் நான் ஒரு துணிப்பையில் சுமந்துகொண்டு அவர் பின்னால் சென்றேன்.

பதினோராம் மேசையில் ஒரு செவிலியர் இருந்தார். பணி முடிந்து சீருடையோடு வந்திருந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ஆடவந்ததாக அருகிலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தம் கதைமாந்தருக்குப் பெயர் வைக்கக் கால் மணி நேரம் யோசித்தார். ஆட்டம் தொடங்கிய பத்தாம் நிமிடத்தில் அந்தக் கதைமாந்தர் வீழ்ந்தார். பகடை: இரண்டு. மறுபடியும் பகடை: ஒன்று. முடிந்தது. மற்ற நால்வரும் போரைத் தொடர்ந்தார்கள். அவர் சற்று நேரம் பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தார். பிறகு, ஒருவரையும் தொந்தரவு செய்யாமல் எழுந்து போய்விட்டார்.

லிஃப்ட்காரர் அந்த மேசைக்குச் சென்று குனிந்தார்.

"ஏங்க, அந்தம்மா விழுந்தப்ப பக்கத்துல நீங்கதான இருந்தீங்க? ஏன் தோள் குடுக்கல?"

"என்ன குடுக்கல?"

"தோள்ங்க. அவங்க புள்ளிய நீங்க வாங்கிக்கறது."

"அப்படியெல்லாம் வாங்கலாமா? எந்தப் பக்கத்துல இருக்கு?"

"படிக்காமலே ஆட வந்துடறாங்க" என்று என் காதில் முணுமுணுத்துவிட்டு, "அம்மா, அந்தக் கட்ட எடுங்க" என்றார்.

வீழ்ச்சி பற்றிய பக்கத்தை எடுத்துக்கொடுத்தேன். அதில் தோள் இல்லை. போர் பற்றிய அத்தியாயத்தில் இல்லை. உதவி பற்றிய அத்தியாயத்திலும் இல்லை. அங்கே நின்றிருந்த வக்கீலைக் கூப்பிட்டோம். "எழுபத்தி மூணாம் பக்கம், ரெண்டாவது பத்தி" என்றார், கட்டைப் பார்க்காமலே. எழுபத்து மூன்றாம் பக்கத்தில், ஒரு கோவேறு கழுதை எவ்வளவு சுமக்கும் என்ற அட்டவணை இருந்தது.

"விட்டுப்போயிருக்கும். முதல் வரைவுல இருந்திருக்கும்" என்றார் வக்கீல், குரல் தாழ்த்தி.

லிஃப்ட்காரர் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை அவர் வீட்டுக் கூடத்தில் எல்லா நூல்களையும் பரப்பினோம். முதல் வரைவில் தோள் இல்லை. மூன்றாம் பதிப்பில் இல்லை. இரண்டாம் பதிப்பிலும் இல்லை. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி, பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய், பழைய பதிவேடுகளை ஓர் அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்தார். தொழிலில் செய்ததையே லிஃப்ட்காரர் மேசையிலும் செய்துவந்தார். ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒரு பதிவு. பதினெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பக்கத்தில், அவருடைய கையெழுத்திலேயே இப்படி இருந்தது:

'மாலை 3.20: வக்கீல் இறந்தார். வெளியே கனமழை, பஸ் இல்லை, வீட்டுக்குப் போக முடியாது. நான்கு மணி நேரம் சும்மா உட்காரவைத்தால் வாதாடியே எல்லாரையும் கொன்றுவிடுவார். ஆகவே இன்று மட்டும்: தோள்.'

முதலில் சிரித்தவர் மருந்துக்கடைப் பெண்மணி. பிறகு எல்லாரும் சிரித்தோம். லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. 'இன்று மட்டும்' என்ற சொற்களின்மேல் விரலை வைத்தபடி இருந்தார்.

"ஜம்பர கழட்டாம விட்டுட்டேன்" என்றார். "பதினெட்டு வருஷம்."

நிலைமை எளியது. அறிக்கைகளுக்கான கடைசி நாள் பத்து நாள்களில் வருகிறது. அதற்குள் ஒன்றும் சொல்லாவிட்டால், இரண்டு புள்ளி விதி அப்படியே அச்சேறும். எங்கள் இருபத்தொன்பது அறிக்கைகளை நம்பி. சொல்லிவிட்டால் அந்த அறிக்கைகள் தள்ளப்படும். கடைசிப் பக்கத்தில் எங்கள் மேசைக்கு இடமில்லை.

மச்சான் ஒரு வழி சொன்னார். "மாமா, எதுக்கு நாமளே போய் மாட்டிக்கணும்? 'தோள்னு ஒரு யோசனை இருக்கு, சேத்துக்குங்க'ன்னு புதுசா எழுதுவோம். சேத்துக்கிட்டா எல்லாமே சரியாயிடும். பேரும் நிக்கும்."

"நாம பொய் எழுதலையே" என்றார் வக்கீல். "யாரும் சாகலன்னு எழுதினோம். யாரும் சாகல. இதுல குத்தம் எங்க இருக்கு?"

"என் பொண்ணுகிட்ட வேற சொல்லிட்டேன், புத்தகத்துல அம்மா பேர் வரும்னு" என்றார் மருந்துக்கடைப் பெண்மணி.

லிஃப்ட்காரர் அனைத்தையும் கேட்டார். பிறகு, எங்களில் ஒருவரும் முன்பு கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"எனக்கு அப்ப இருபத்தி மூணு வயசு. வயர் அப்பல்லாம் கறுப்பாத்தான் இருக்கும். கதவுப் பூட்டுல போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். ஒரு மணி நேரந்தான். மூணாவது மாடியில ஒரு அம்மா துணிக்கூடையோட வந்து கதவ இழுத்திருக்காங்க. தொறந்துக்கிச்சு. உள்ள லிஃப்ட் இல்ல, வெறும் பள்ளம். கூடை முன்னால இருந்ததால, கூடை மட்டும் போச்சு. வயர் போட்டத யாரும் பார்க்கல. பதிவேட்டுல நான் எழுதாம இருந்திருக்கலாம். எழுதினேன். ஆறு மாசம் என்னத் தனியா வேலைக்கு அனுப்பல. அதுலேருந்துதான் சிவப்பு வயரு, எண்ணிக்கை எல்லாம்."

"இது வெளையாட்டுதான மாமா" என்றார் மச்சான், மெதுவாக.

"அந்த நர்ஸம்மா எழுந்து போனாங்களே மச்சான். அவங்க இனிமே வரமாட்டாங்க. அவங்க போனதுக்கு நாம எழுதின காகிதந்தான் காரணம்."

அதன் பிறகு ஒருவரும் வாதாடவில்லை, வக்கீல்கூட.

கடிதத்தை அன்றே எழுதினார். நான்கு முறை எழுதிக் கிழித்து, ஐந்தாவதை என்னிடம் நீட்டினார். 'எங்கள் மேசை அனுப்பிய இருபத்தொன்பது அறிக்கைகளையும் நீக்கிவிடவும். நாங்கள் ஆடியது உங்கள் விதிகளை அல்ல. உங்கள் நூலில் இல்லாத ஒரு விதியைப் பதினெட்டு ஆண்டுகளாகச் சேர்த்து ஆடி, அது நூலில் உள்ளதென்று நம்பிவிட்டோம். நடத்துநர் என்ற முறையில் தவறு என்னுடையது.' நான் அதில் ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

மூன்றாம் நாள் நிறுவனத்தின் பதிப்பாசிரியர் தொலைபேசியில் அழைத்தார். இளம்பெண்ணின் குரல். லிஃப்ட்காரர் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"சார், உங்க லெட்டர் பார்த்தோம். தலையில கைய வெச்சுட்டோம். புள்ளியக் குறைக்க நாங்க நம்பின அறிக்கைகள்ல கால்வாசி உங்களோடதுதான்."

"தெரியும்மா. அதான் எழுதினேன்."

"இன்னும் ஏழு நாள் இருக்கு. முதல் வரைவ, மூணு புள்ளியோட, எழுதினது எழுதினபடி ஆடிக் காட்ட முடியுமா? எத்தனை முடியுமோ அத்தனை. ஆனா இருபத்தஞ்சு வராதே சார், பேர் போட முடியாது."

"பேர விடுங்க. ஆடறோம்."

"இன்னொண்ணு. அந்தத் தோள் விதி எங்களுக்குப் பிடிச்சிருக்கு. புத்தகத்துல சேத்துக்கட்டுமா?"

மச்சானின் முகம் மலர்ந்தது. லிஃப்ட்காரர் ஒரு கணங்கூட யோசிக்கவில்லை.

"வெள்ளோட்டம் பார்க்காதத எப்படிம்மா அச்சடிப்பீங்க? எங்க ஒரு மேசைக்குத்தான் அது சரியா வருதுன்னு தெரியும். அதுவும் நாங்க அஞ்சு பேரும் ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுக்கறவங்க. வேண்டாம்."

ஏழு நாள்களில் ஒன்பது ஆட்டங்கள் ஆடினோம். வேலை முடிந்து ஆறு மணிக்குக் கூடுவோம், ஒன்பதுக்குக் கலைவோம். மருந்துக்கடை அந்த வாரம் முன்னதாகவே அடைக்கப்பட்டது. எங்கள் எல்லாருக்கும் கை பழகியிருந்தது. ஒருவர் வீழ்ந்ததும் பக்கத்திலிருப்பவர் தம்மையறியாமல் பென்சிலை எடுத்துவிடுவார். நான்காம் நாள் மச்சானின் கதைமாந்தர் வீழ்ந்தார். பாலம் கட்டுபவர் அவர். பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்தவர். முதல் பகடை மூன்று. இரண்டாவது ஒன்று. அதற்குள் என் கை என் தாளின் கறுப்புப் புள்ளிக் கட்டத்துக்குப் போய்விட்டது.

"அம்மா" என்றார் லிஃப்ட்காரர். "பென்சில கீழ வைங்க."

வைத்தேன். மூன்றாம் பகடையை உருட்ட மச்சான் நெடுநேரம் எடுத்துக்கொண்டார். இரண்டு விழுந்தது.

லிஃப்ட்காரரின் மனைவி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மச்சான் தம் தாளை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, லிஃப்ட்காரரைப் பார்த்தார்.

"நம்ம தகராறு நடந்தப்பவே என்னக் கொல்லணும்னு இருந்தீங்க மாமா. இப்பத்தான் சட்டப்படி முடிஞ்சுது."

"டீ போடேன்" என்றார் லிஃப்ட்காரர் மனைவியிடம், வேறெங்கோ பார்த்தபடி.

"என் தம்பியக் கொன்னுட்டு டீ வேற" என்றார் அவர், ஆனால் போட்டார்.

ஒன்பது ஆட்டங்களில் வீழ்ந்தோர் பதினான்கு பேர், இறந்தோர் ஐவர். லிஃப்ட்காரர் கடைசி அறிக்கையின் கீழ், மூன்று புள்ளிகளே போதும், இரண்டு ஆக்கினால் புதிதாக வருவோர் முதல் நாளே எழுந்துபோய்விடுவார்கள், பதினோராம் மேசையில் அதைப் பார்த்தேன் என்று எழுதினார். பார்த்ததை மட்டும்.

மறு ஆண்டு புத்தகம் வந்தது. வீழ்ச்சி பற்றிய பக்கத்தில் மூன்று புள்ளிகள் இருந்தன. கடைசிப் பக்கத்தில் அறுபத்தேழு மேசைகளின் பெயர்கள் இருந்தன. எங்கள் பெயர் இல்லை. லிஃப்ட்காரர் இரண்டு பக்கங்களையும் பார்த்துவிட்டு, அலமாரியின் ஓட்டையில் அதை நிறுத்தினார். சரியாகப் பொருந்தியது. அறுபத்து மூன்று மின்தூக்கிகளுக்கும் போய்வந்துகொண்டிருந்தார்.

நாங்கள் மறுபடியும் தோள் கொடுத்தே ஆடினோம். ஆனால் சனிக்கிழமைதோறும் பகடையைத் தொடுமுன் அவர் கேட்பார்: "இன்னிக்குத் தோள் உண்டா?" எல்லாரும் "உண்டு" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகே, தம் கையால் எழுதிய ஒரு சிவப்புத் தாளைப் புத்தகத்தின் வீழ்ச்சிப் பக்கத்தில் கிளிப்பால் மாட்டுவார், பாதி வெளியே தெரியும்படி. ஒட்டிவிடலாமே என்று வக்கீல் ஒருமுறை சொன்னார். "ஒட்டினா புத்தகமாயிடும்" என்றார் அவர். மச்சான், இறந்துபோன பாலம் கட்டுபவரின் மகளாகப் புதிய தாள் எழுதிக்கொண்டார்.

இரண்டாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டின் கோடையில் அவருக்கு இதயக் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். அறுவை சிகிச்சைக்கு முந்திய நாள், பார்வையாளர் நேரத்தில், அவர் மனைவியோடு நானும் சென்றிருந்தேன். மருத்துவமனையின் மின்தூக்கி இரண்டாம் மாடியில் குலுங்குகிறது, பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள் என்று பணியாளர்களிடம் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாராம். மறுநாள் சிகிச்சையிலிருந்து அவர் மீளவில்லை. ஆகவே அந்த முந்திய நாள் மாலை எங்களிடம் கேட்டதே அவர் கடைசியாகக் கேட்டது.

நாங்கள் கிளம்ப எழுந்தபோது மனைவியின் கையைப் பிடித்தார்.

"சனிக்கிழமை ஆட்டத்த நிறுத்திடாதீங்க. வக்கீல் நடத்தட்டும். ஆட்டம் முடிஞ்சதும் அந்தச் சிவப்புத் தாள கழட்டி என் பைக்குள்ள வெச்சுடச் சொல்லு. புத்தகத்துலயே விட்டுடக் கூடாது. எண்ணி வெக்கணும்."

"ஒரே ஒரு தாள்தானே இருக்கு" என்றார் அவர் மனைவி. "அதப் போய் என்னன்னு எண்ணறது?"

"ஒண்ணுன்னு எண்ணச் சொல்லு."